ஈர வாரில் எடுத்த அளவு

வட ஆற்காடு ஜில்லா, திருப்பத்தூர் சப் மாஜிஸ்திரேட் கோர்ட்டில், 1957-ஆம் வருஷம் மார்ச் மாதம் 29-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்குப் பதிவானது.

என் பெயர் ஜம்புலிங்கம். தகப்பனார் பெயர் சுப்பராயன். வயது அறுபத்து நான்கு. சொந்த ஊர் கணியம்பாடி. தற்சமயம் ஆம்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு மேற்கே வாடகை வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். வேலூரில் எஃப்.ஏ. வரை படித்துத் தேறியவன். ஆம்பூர் ஷபீ அஹமது சாகிப் அவர்களின் தோல் பதனிடும் ஷாப்பில், அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து முப்பத்தொரு வருஷமாக ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். ஆணி, பெல்ட், எண்ணெய், பூட்டு, மோட்டார் சாமான் எல்லாம் என் பொறுப்பு. இதற்கு முன் என் பேரில் எந்தக் கேசும் கிடையாது.

இந்த வாக்குமூலம் கொடுக்க எனக்குக் கட்டாயம் இல்லை என்றும், கொடுத்தால் எனக்கே பாதகமாக முடியலாம் என்றும் கோர்ட்டார் இரண்டு முறை சொன்னார்கள். புரிந்தது. யோசிக்க அரை மணி நேரம் கொடுத்தார்கள். எனக்கு யோசிக்க நேரம் கிடைத்தால் மனம் மாறிவிடும் பழக்கம் உண்டு. ஆகையால் கால் மணியிலேயே எழுந்து வந்து தயார் என்று சொன்னேன். போலீஸாரோ மற்றவரோ என்னை அழைத்து வரவில்லை. நானாக பஸ் ஏறி வந்தேன்.

இம்மாதம் 13-ஆம் தேதி ஆம்பூரில் போலீஸ் சப் இன்ஸ்பெக்டரிடம், எங்கள் ஷாப் ஜீப்பின் விபத்தைப் பற்றி ஏற்கெனவே ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். ஜீப்புக்கு அளவெடுத்தது மெக்கானிக் இருதயராஜ், அவர் கொடுத்த அளவின்படி சாமான் வரவழைத்தேன், வந்த சாமானை அவரே மாட்டினார் என்று அதில் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. சொல்லாமல் விட்டது இருக்கிறது. அதைச் சொல்ல வந்தேன். 14-ஆம் தேதி அந்த வாக்குமூலத்தின் பேரில்தான் இருதயராஜைக் கைது செய்தார்கள்.

மேற்படி ஜீப் யுத்தம் முடிந்த பிறகு மிலிடரி ஏலத்தில் சாகிப் வாங்கியது. தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். அது ஜவ்வாது மலையிலிருந்து வருகிறது. ஆலங்காயம் தாண்டி மலைப் பாதையில் கற்களும் பள்ளங்களும் ஜாஸ்தி என்பதால் லாரி போகாது, ஜீப் மட்டும் போகும். அதுவும் வயிறு கல்லில் தட்டும். ஒவ்வொரு சீசனிலும் எண்ணெய்த் தொட்டியோ சைலன்சரோ அடிபட்டு வரும். அந்தச் சாமானை எல்லாம் நான்தான் வரவழைப்பேன்.

இருதயராஜ் பட்டாளத்தில் மோட்டார் ரிப்பேர் பிரிவில் இருந்தவர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். 1954-ஆம் வருஷம் ஷாப்பில் சேர்ந்தார். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார், அதற்கு மேல் படிப்பு இல்லை. கெட்டிக்காரர். ஜீப்பின் முன்பக்கத்தை ஒரு கையால் அழுத்தி விட்டு, அது எத்தனை முறை ஆடி நிற்கிறது என்று பார்த்தே எந்த ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று சொல்லிவிடுவார். ஷாக் அப்சார்பர் என்பது குழாய்க்குள் குழாய் போன்ற ஒரு சாமான். நீளும், சுருங்கும். ஒரு முனை வண்டிச் சட்டத்திலும் மறு முனை சக்கரத்தின் அச்சிலும் மாட்டியிருக்கும். வண்டியின் துள்ளலை அடக்குவது அதன் வேலை.

இருதயராஜ் வருவதற்கு முன்பு, சாயங்காலம் கணக்கு முடிந்ததும் சாகிப் ஸ்டோர் வாசலில் இருக்கும் பெஞ்சில் வந்து உட்காருவார். எந்த மெஷின் வாங்கலாம், எந்தக் கடையில் எழுதிக் கேட்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்பார். இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். இருதயராஜ் வந்த பிறகு அவர் பெஞ்சுக்கு வருவது குறைந்தது. எதிரே மோட்டார் ஷெட்டில், கவிழ்த்துப் போட்ட பழைய டயரின் மேல் உட்கார ஆரம்பித்தார். ஸ்டோர் ஜன்னலில் இருந்து பார்த்தால் ஷெட் நேராகத் தெரியும். பேச்சும் கேட்கும்.

ஒரு நாள் சாகிப், "இன்னா தோஸ்த், வண்டி இன்னா சொல்லுது?" என்று கேட்டார். "பசிக்குதுன்னு சொல்லுது சாகிப். நேத்து ராத்திரியும் பட்டினியாம், ஆயில் கேக்குது" என்றார் இருதயராஜ். சாகிப் டயரிலிருந்து எழுந்து நின்று சிரித்தார். அன்று வீட்டுக்குப் போய், பத்தொன்பது வருஷ முதலாளியாக சாகிப் என்னிடம் எத்தனை முறை சிரித்திருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தேன். மூன்று வந்தது. ஒன்றில் சந்தேகம்.

அதன் பிறகு 1955-ஆம் வருஷக் கடைசியில், சீமைக்கு மாதிரி அனுப்ப ஒதுக்கி வைத்திருந்த கன்றுத் தோல்களில் ஒன்றை எடுத்து இருதயராஜுக்கு பூட்ஸ் தைக்கச் சொன்னார் சாகிப். அந்தத் தோலை ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான். கட்டில் இருந்த பன்னிரண்டில் கொஞ்சம் நரம்பு ஓடிய தோல் ஒன்று இருந்தது. அதைக் கொடுக்கலாம் என்று நினைத்து, பிறகு பயந்து நல்லதையே கொடுத்தேன். பூட்ஸ் தைத்து வந்ததும் இருதயராஜ் அதை என்னிடம்தான் முதலில் கொண்டு வந்து காட்டினார். "உள்ள உட்றதுக்கே என் காலு வெக்கப்படுது அய்யா" என்றார். நான் நன்றாக இருக்கிறது என்றேன். அவர் என்னிடம் ஒரு நாளும் மரியாதைக் குறைவாக நடந்ததில்லை. நடந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

நான் ஜன்னலில் நிற்பது மற்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது. தோல் ஓரம் வெட்டும் தனகோடி என்ற பெண் ஒரு நாள் போகிற போக்கில், "இன்னா ஸ்டோர் அய்யா, எப்ப பாரு ஜன்னலாண்டயே நிக்கிறீங்க, அங்க இன்னா டெண்டு கொட்டாயா கட்டிக்கிறாங்க?" என்று கேட்டாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அதன் பிறகு ஜன்னலின் கீழ்க் கதவைச் சாத்திவிட்டு மேல் கதவு வழியாகப் பார்த்தேன்.

இவ்வருஷம் ஜனவரி மாதம், ஜீப்பின் உயரத்தைக் கூட்டினால் வயிறு தட்டாது என்று நான் யோசித்தேன். மிலிடரி ஏலத்தில் வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்து, வண்டியைத் தாங்கும் வில் பட்டைகளான கமான்கள் நான்கிலும் தலா ஒரு பட்டை கூடுதலாக வைத்தால் வண்டி இரண்டு அங்குலம் உயரும் என்று கணக்குப் போட்டு, படமும் வரைந்து சாகிப்பிடம் கொண்டு போனேன். சாகிப் படத்தைப் பார்த்து, "இன்னா முதலியாரே, வண்டிக்கு ஹீல்ஸ் வெச்ச செருப்பு தெச்சுப் போடச் சொல்றீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். அது நான்காவது. அன்று எனக்குச் சாப்பாடு ருசித்தது.

அதன் பிறகு சாகிப் அந்தப் படத்தை இருதயராஜிடம் கொடுத்தார். அவர் கொல்லன் பட்டறையில் நின்று பட்டைகளை வளைத்து வாங்கி வந்து ஆறு நாளில் வேலையை முடித்தார். வண்டி இரண்டேகால் அங்குலம் உயர்ந்தது. கால் அங்குலம் கூடுதல்தான், ஆனால் நன்றாக நின்றது. ஷாப்பில் எல்லோரும் இருதயராஜ் ஜீப்பைத் தூக்கிவிட்டார் என்று பேசினார்கள். படம் ஷெட் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருந்தது. அதன் கீழ் மூலையில் நான் என் பெயரை எழுதியிருந்தேன். ஆணி அந்த இடத்தில் அடித்திருந்தது. வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். இருந்தாலும் தினமும் பார்த்தேன்.

வண்டி உயர்ந்த பிறகு பழைய ஷாக் அப்சார்பர்கள் போதவில்லை. உயர்ந்த வண்டியில் அவை நிற்கும்போதே ஏறக்குறைய முழு நீளத்துக்கு இழுபட்டு நின்றன. சக்கரம் சிறிய பள்ளத்தில் இறங்கினாலும் முனை வரை இழுபட்டு டக் என்று அடித்தது. நீளமான புதியவை வேண்டும் என்று இருதயராஜும் சொன்னார், நானும் சொன்னேன். எவ்வளவு நீளம் என்பதற்கு இரண்டு அளவு வேண்டும். சக்கரம் அந்தரத்தில் முழுதாகத் தொங்கும்போது இரண்டு முனைகளுக்கும் உள்ள தூரம் ஒன்று. சக்கரம் மேலே ஏறிக் கடைசி ரப்பரில் முட்டும்போது உள்ள தூரம் மற்றொன்று. புதியது நீண்டால் முதல் அளவை விட அதிகமாக நீள வேண்டும். சுருங்கினால் இரண்டாவது அளவை விடக் குட்டையாகச் சுருங்க வேண்டும். முதலாவது தவறினால் சக்கரத்தின் பாரம் முழுவதும் ஷாக் அப்சார்பரில் தொங்கும்.

எங்கள் ஷாப்பில் அளவு கொடுப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. படிக்காதவர்கள் ஜாஸ்தி என்பதால் யாரும் அங்குலம் சொல்ல மாட்டார்கள். எந்த நீளம் வேண்டுமோ அந்த நீளத்துக்கு ஒரு தோல் வாரை வெட்டி, அடையாளத்துக்கு முடிச்சுப் போட்டு ஸ்டோரில் கொடுப்பார்கள். நான் சீட்டுக் கட்டி ஆணியில் மாட்டுவேன். ஆர்டர் எழுதும்போது டேப்பால் அளந்துகொள்வேன். வார் பதனிட்டுக் காய்ந்த தோலில் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரத் தோல் இழுத்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும். ஷாப்பில் துடைப்பம் பிடிப்பவருக்கும் இது தெரியும்.

பிப்ரவரி 7-ஆம் தேதி காலையில் இருதயராஜ் இரண்டு வார்களைக் கொண்டு வந்து கொடுத்தார். ஒரு முடிச்சு போட்டது சக்கரம் தொங்கும் அளவு. இரண்டு முடிச்சு போட்டது சக்கரம் முட்டும் அளவு. அன்று ஷெட்டில் காய்ந்த துண்டு இல்லாததால், பக்கத்தில் தோல் பதனிடச் சுற்றிக்கொண்டிருந்த டிரம்மிலிருந்து இறக்கிய தோலில் வெட்டியிருந்தார். "கொஞ்சம் ஈரம் அய்யா. இப்பவே அளந்து எழுதிக்குங்க" என்று சொன்னார். இதை நான் போலீஸில் சொல்லவில்லை.

கோர்ட்டார் கேட்டதற்கு: ஆம். அவர் ஈரம் என்று சொன்னார். உடனே அளக்கச் சொன்னார். நானும் உடனே அளந்தேன். தொங்கும் அளவு இருபதரை அங்குலம், முட்டும் அளவு பதின்மூன்றரை அங்குலம். என் நோட்டில் பென்சிலில் எழுதினேன். அதன் பிறகு வார்களை ஆணியில் மாட்டினேன்.

அதே வாரம் சென்னையில் சாமான் கடை ஒன்றின் பட்டியலைத் தபாலில் வரவழைத்தேன். அதில் எங்கள் ஜீப்புக்குப் பொருந்தக் கூடியவை இரண்டு தினுசு இருந்தன. பெரியது இருபத்தொன்றரை அங்குலம் நீளும், பதின்மூன்றுக்குச் சுருங்கும். சிறியது பத்தொன்பதரை நீளும், பன்னிரண்டுக்குச் சுருங்கும். என் நோட்டின்படி பெரியதுதான் சரி. பார்த்ததுமே தெரிந்தது.

பிப்ரவரி 12-ஆம் தேதி ஆர்டர் எழுத உட்கார்ந்தேன். எதையும் இரண்டு முறை அளப்பது என் பழக்கம் என்பதால் வார்களை எடுத்து மறுபடி அளந்தேன். காய்ந்து விறைத்திருந்தன. ஒரு முடிச்சு வார் பத்தொன்பது அங்குலம். இரண்டு முடிச்சு வார் பன்னிரண்டரை. இந்த அளவுக்குச் சிறிய தினுசுதான் பொருந்தும். அப்போது எதிரே ஷெட்டில் சாகிப் டயரின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அஃப்ஸர் ஜஹான் பேகம் அவர்கள் வீட்டிலிருந்து அனுப்பிய டிபன் கேரியரைத் திறந்து, ஒரு தட்டை இருதயராஜ் கையில் கொடுத்தார். நான் மாமிசம் சாப்பிடாதவன். அந்தத் தட்டு எனக்கு வேண்டியதில்லை. இருந்தாலும் சாகிப் ஸ்டோர் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை.

அதன் பிறகு ரப்பரை எடுத்து, நோட்டில் இருபதரை என்றிருந்ததையும் பதின்மூன்றரை என்றிருந்ததையும் அழித்தேன். அதே இடத்தில் பத்தொன்பது என்றும் பன்னிரண்டரை என்றும் மையால் எழுதினேன். சிறிய தினுசு நான்கு அனுப்பும்படி ஆர்டர் எழுதித் தபாலில் சேர்த்தேன். அந்த நோட்டை இப்போது கோர்ட்டில் தாக்கல் செய்கிறேன். நாற்பத்தோராம் பக்கம். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அழித்த எண்கள் தெரியும். நான் பென்சிலை அழுத்தி எழுதுகிறவன்.

கோர்ட்டார் கேட்டதற்கு: ஒருவேளை முதலில் அளந்தது தவறாக இருக்குமோ, மூக்குக் கண்ணாடி பழையதாயிற்றே என்ற சந்தேகமும் அப்போது வந்தது உண்மை. எனக்கு எதிலும் சந்தேகம் வரும். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெரு முனையிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். ஆனால் சந்தேகம் வந்தால் நான் மூன்றாம் முறை அளப்பேன், அழிக்க மாட்டேன். ஷெட் முப்பது அடி தூரம். ஜீப் அங்கேயே நின்றது. டேப் என் மேஜையில் இருந்தது. நான் எழுந்து போகவில்லை. ஆகையால் அது சந்தேகம் அல்ல என்றே இப்போது சொல்ல வேண்டும்.

கோர்ட்டார் கேட்டதற்கு: யாருக்கும் காயம் படும் என்று நான் நினைக்கவில்லை. நான் நினைத்தது இவ்வளவுதான். ஜீப் சாகிப்பை வைத்துக்கொண்டு டக் டக் என்று அடிக்கும். சாகிப் இறங்குவார். இருதயராஜுக்குக் காரணம் தெரியாது. சாகிப் ஸ்டோருக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்து, முதலியாரே, இது ஏன் இப்படி அடிக்கிறது என்று கேட்பார். நான் டேப்பை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய், எல்லோர் முன்பாகவும் அளந்து காட்டி, ஈர வார், ஆகவே குறைந்துவிட்டது என்று சொல்லுவேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. பெஞ்சில் உட்காருவது வரைக்கும்தான் பல முறை யோசித்தேன்.

பிப்ரவரி 26-ஆம் தேதி சாமான் ரயில் பார்சலில் வந்தது. இருதயராஜ் ஒன்றைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தார். "அய்யா, கொஞ்சம் குட்டையா தெரியல?" என்று கேட்டார். "வாரின்படிதான் வந்திருக்குது" என்றேன். "ஈரத்துல அளந்தது தானே?" என்றார். நான் ஆம் என்றேன். அது உண்மைதான், ஈரத்தில் அளந்தேன். ஆனால் அந்த அளவுக்கு ஆர்டர் எழுதவில்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "எதுக்கும் ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்த தொங்க வுட்டுப் பாத்துட்டு மாட்டட்டுமா?" என்று கேட்டார். அப்படிப் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்திருக்கும். "நான் இரண்டு தடவை கணக்குப் போட்டுப் பார்த்தாச்சு" என்று சொன்னேன். அவர் உடனே, "நீங்க பாத்தா அப்பீல் ஏது அய்யா" என்று சொல்லிவிட்டு நான்கையும் மாட்டினார்.

அன்று சாயங்காலம் சாகிப் ஜீப்பை எடுத்துக்கொண்டு வாணியம்பாடி வரை போய் வந்தார். நான் ஜன்னலில் காத்திருந்தேன். ஜீப் சத்தமில்லாமல் வந்து நின்றது. சமமான ரோட்டில் சக்கரம் முழுதாகத் தொங்குவதில்லை, அதனால் இழுபடவில்லை. இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. சாகிப் இறங்கி, "ரயிலு மாதிரி போவுது தோஸ்த்" என்று இருதயராஜின் தோளில் கையைப் போட்டார். இருதயராஜ், "ஸ்டோர் அய்யா கணக்கு சாகிப்" என்று என் பக்கம் கையைக் காட்டினார். சாகிப் ஆமாம் ஆமாம் என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குள் போனார். தவறான சாமானுக்கும் பெயர் இருதயராஜுக்கே போயிற்று என்று அன்று ராத்திரி முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி மலைக்குப் போகும் என்பதை நினைக்கவில்லை.

மார்ச் 11-ஆம் தேதி திங்கட்கிழமை டிரைவர் கனகராஜ் ஜீப்பை எடுத்துக்கொண்டு கடுக்காய் ஏற்றி வர மலைக்குப் போனார். அவர் புறப்படும்போது ஸ்டோருக்கு வந்து ஒரு டின் பிரேக் ஆயிலும் கயிறும் வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நான் வாயைத் திறந்து சொல்ல அதுவே கடைசி நேரம். கயிறு எத்தனை முழம் என்று மட்டும் கேட்டேன்.

இதன் பிறகு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. கனகராஜ் சொல்லிக் கேட்டதும், வண்டியைப் பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டதும் இது. மூட்டைகளோடு மலையிலிருந்து இறங்கும் வழியில், மழைத் தண்ணீர் அரித்த ஒரு பள்ளத்தில் பின்பக்கத்து இடது சக்கரம் இறங்கி அந்தரத்தில் தொங்கியது. பாரம் முழுவதும் ஷாக் அப்சார்பரில் விழுந்து அதன் கீழ் முனை கொக்கியோடு பிய்ந்தது. பிய்ந்த குழாய் ஆடி, பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாயை அறுத்தது. கனகராஜ் பிரேக்கை மிதித்தார், பிடிக்கவில்லை. இருபது முப்பது கெஜம் ஓடி வண்டி ஒரு பாறையில் சாய்ந்து கவிழ்ந்தது. கனகராஜின் வலது கால் அடியில் மாட்டிக்கொண்டது. வேலூரில் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருக்கு வயது இருபத்தெட்டு.

மறுநாள் ஜீப்பை லாரியில் ஏற்றி ஷாப்புக்குக் கொண்டு வந்தார்கள். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நான் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். வண்டியின் சட்டத்தை மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்ததால் பின்பக்கத்து வலது சக்கரம் அந்தரத்தில் இருந்தது. அந்தப் பக்கமும் கொக்கி வளைந்திருந்தது. அந்த ஷாக் அப்சார்பரைக் கழற்றிச் சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு, அது மாட்டும் இரண்டு முனைகளுக்கும் உள்ள தூரத்தை அளந்தேன். இருபதரை அங்குலம். மூன்று முறை அளந்தேன். என் முதல் அளவில் ஒரு நூல் கூடத் தவறில்லை.

அதற்கு மறுநாள் சப் இன்ஸ்பெக்டர் கேட்டபோது முன்பு சொன்ன வாக்குமூலத்தைக் கொடுத்தேன். ஆணியிலிருந்து காய்ந்த வார்களை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு முடிச்சு வாரை அளந்து பத்தொன்பது என்று எழுதிக்கொண்டார். மெக்கானிக் தப்பாக அளந்திருக்கிறான் என்றார். நான் நோட்டைக் காட்டவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயம் மட்டும் இல்லை. ஷாப் முழுவதும் இருதயராஜைப் பற்றித் தப்பாகப் பேசியதை நான் அன்று முதல் முறையாகக் கேட்டேன். அதைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

நேற்று முன்தினம் காலை இருதயராஜின் மனைவி பூவம்மாள் ஸ்டோருக்கு வந்தார். ஜாமீனுக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். மனு எழுதுபவர்கள் கோர்ட் வாசலிலேயே இருக்கிறார்களே என்றேன். "அவங்கல்லாம் வாணாமாம் அய்யா. ஸ்டோர் அய்யாகிட்ட போ, அவரு எழுதுனா ஒரு எழுத்து தப்பா இருக்காதுன்னு சொல்லி அனுப்புனாரு" என்றார். என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். "நான்தான் வார தப்பா வெட்டிட்டேன்னு எழுதச் சொன்னாரு. அய்யா ரெண்டு தடவ கணக்கு பாத்தாரு, அவரு கையில தப்பு வர்றதுக்கு வழியில்ல, அப்ப என் கையிலதான் வந்துருக்கணும்னு சொல்றாரு. ஜெயிலுல உக்காந்து அதையேதான் யோசிக்கிறாராம். வாரு எந்த எடத்துல புடிச்சேன், எந்த எடத்துல வெட்டுனேன்னு" என்றார்.

காகிதம் எடுத்து எழுத ஆரம்பித்தேன். மனுதாரரின் பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர் எழுதினேன். பட்டாளத்தில் நற்சான்று பெற்றவர் என்று எழுதினேன். அதன் பிறகு, மனுதாரர் அளவெடுப்பதில் தவறு செய்துவிட்டார் என்ற வாக்கியம் வர வேண்டும். அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை. மனுவில் பொய் எழுதுவது குற்றம் என்பதால் அல்ல. தவறு செய்யாதவர் தவறு செய்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறார், தவறு செய்தவன் அதை நல்ல இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. பூவம்மாளிடம், மனு வேண்டாம், நானே கோர்ட்டுக்குப் போகிறேன் என்று சொன்னேன். அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு, எனக்குப் புண்ணியமாகப் போகும் என்று கும்பிட்டார். நான் திருத்தவில்லை. நேற்று முழுவதும் போகாமல் இருக்கக் காரணம் தேடினேன். இன்று காலை முதல் பஸ்ஸில் வந்தேன்.

ஆகவே மேற்படி விபத்துக்கு இருதயராஜின் பேரில் தவறு இல்லை. அவர் அளந்த அளவு சரி. ஈரம் என்று எச்சரித்தது சரி. குட்டை என்று கேட்டது சரி. தொங்கவிட்டுப் பார்க்கலாம் என்றது சரி. நான்கு இடத்திலும் அதைக் கெடுத்தது நான்.

இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறதா என்று கோர்ட்டார் கேட்டதற்கு: ஒன்று இருக்கிறது. இதை எழுத வேண்டுமா என்று தெரியவில்லை. இன்று காலை நான் கோர்ட் வராந்தாவில் வந்து நின்றபோது, வாய்தாவுக்காக இருதயராஜைக் கூட்டி வந்து அங்கே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் இருவரும் அவர் சொன்ன எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அவருக்குத் தன் காசில் டீ வாங்கிக் கொடுத்திருந்தார். அவர் என்னைப் பார்த்ததும் டம்ளரோடு எழுந்து, "இன்னா அய்யா, என்னால உங்களுக்கு எவ்ளோ பேஜாரு. இந்த வெயில்ல பஸ்ஸு ஏறி வந்துகிறீங்களே, உக்காருங்க" என்று இடம் விட்டார். கான்ஸ்டபிள்களிடம், "எங்க ஸ்டோர் அய்யா, எஃப்.ஏ. படிச்சவரு" என்று சொன்னார். நான் உட்கார்ந்தேன். அவர் பதினைந்து நாள் சிறையில் இருந்தவர், நான் அவரை அங்கே அனுப்பியவன். உட்கார்ந்திருந்த அந்த நேரத்திலும் எனக்கு அவர் பேரில் பொறாமையாகத்தான் இருந்தது. இந்த வாக்குமூலத்தைக் கொடுத்தபின் அது போகும் என்று எண்ணி வந்தேன். இதுவரை போகவில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே எழுதியது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நானும் வாங்கி ஒரு முறை படித்தேன், பிறகு இன்னொரு முறை படித்தேன். திருத்தம் இல்லை. நடந்தது இதுவே. யாருடைய மிரட்டலாலும் ஆசை வார்த்தையாலும் சொல்லவில்லை என்று உறுதி கூறி இதன் கீழ் மையால் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) சு. ஜம்புலிங்கம்